மண்சரிவுக்குப் பின் தேயிலை மலையைத் திருத்துதல்

நுவரெலியா, அட்டன், தலவாக்கலை, கொத்மலை, வலப்பனைப் பகுதிகளின் தோட்ட மக்களுக்கும் சிறு தேயிலை நில உடைமையாளருக்கும்

2025ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் "டித்வா" என்னும் சூறாவளி இலங்கைத் தீவைக் கடந்து சென்றது. 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கண்டி, பதுளை, நுவரெலியா ஆகிய மலை மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். கடற்கரையில் வீசிய காற்றைவிட மலையிற் பெய்த மழையே பெருங்கேடு விளைத்தது. ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்த இடங்களும் உண்டு. தெருக்கள் அறுந்தன, புகையிரதப் பாதை பல இடங்களிற் சிதைந்தது, லயங்களும் கொழுந்து மலைகளும் மரக்கறித் தோட்டங்களும் சேற்றுள் மறைந்தன.

இத்தகைய அழிவின் பின்னர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மலைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் முதலில் ஒரு கேள்விக்கு விடை காணவேண்டும். உங்கள் மலையில் நிகழ்ந்தது மண்ணரிப்பா, மண்சரிவா? இரண்டும் மழையினால் விளைவன. இரண்டிலும் மண் கீழே போகின்றது. எனினும் ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்கு நஞ்சாகும். இவ்வேறுபாட்டை அறியாமற் செய்யும் திருத்தம், செய்யாமல் விடுவதிலும் கேடானது.

மண்ணரிப்பாவது, ஓடும் நீர் மேல்மண்ணை அடித்துச் செல்லுதல். அதனைத் தடுக்க விரும்புவோர் நீரின் வேகத்தைக் குறைத்து, அதனை நிலத்தினுள் இறங்கச் செய்வர். நமது தோட்டங்களின் தடுப்புக் கான்கள் இந்நோக்கத்துக்காகவே வெட்டப்பட்டவை. கானின் உள்ளே இடையிடையே சிறு மண் தடுப்புகள் விடப்படும். நீர் அவற்றில் தங்கி, வண்டலைப் படியவிட்டு, மிகுதி மட்டும் வழிந்து செல்லும்.

மண்சரிவு வேறு வகையினது. நிலத்தினுள் இறங்கிய நீர் ஆழத்தே பாறையின்மேல் தேங்கி, மேலுள்ள மண்ணின் பாரத்தைக் கூட்டி, மண்ணுக்கும் பாறைக்கும் இடையேயுள்ள பிடிப்பைத் தளர்த்துகின்றது. பின்னர் மலையின் ஒரு பகுதி முழுதாகவே வழுக்கி இறங்குகின்றது. இங்கே நீரைத் தேக்கும் கான் உதவி செய்வதில்லை. சரிவைத் தூண்டவே செய்கின்றது. வெடிப்புக் கண்ட சாய்வு நிலத்தில் தடுப்புக் கானின் தடுப்புகளை அகற்றி, நீர் நில்லாது ஓடிச்செல்ல விடுதல் வேண்டும்.

மரம் நட்டால் மலை நிற்கும் என்பது பலரும் கூறுவது. அது பாதி உண்மையே. தேயிலையின் வேரும் நிழல்மரத்தின் வேரும் மேல்மண்ணைக் கட்டும். வெட்டிவேர் நல்ல மண்ணில் 10 அடி வரையும் இறங்கும். ஆனால் 20 அடி, 30 அடி ஆழத்தில் வழுக்கும் மண்ணை எந்த வேரும் பற்றி நிறுத்தாது. அத்தகைய இடத்தில் குடியிருப்போரைப் புல்லும் மரமும் காப்பாற்றா. உரிய வேளையில் அவ்விடத்தை விட்டு நீங்குதலே காப்பாற்றும்.

சரியும் மலையை அறிதல்

மலை சரிவதற்கு முன்னர் பெரும்பாலும் அறிகுறி காட்டும். லயத்தின் சுவரிலோ முற்றத்திலோ புதிய வெடிப்புத் தோன்றும். பழைய வெடிப்பு நாளுக்கு நாள் அகலும். கதவும் யன்னலும் இறுகிப் பூட்ட முடியாமற் போகும். நேராய் நின்ற மரமும் மின்கம்பமும் சாயும். வேலி ஓரிடத்தில் வளையும். எப்போதும் தெளிந்து வரும் ஊற்றில் திடீரெனச் சேற்றுநீர் வரும். அல்லது மழை நாளிலே ஊற்று வற்றிப்போகும். நீர் இல்லாத இடத்தில் புதிய ஊற்றுக் கிளம்பும். இவற்றுள் ஊற்றின் மாற்றத்தையே நாம் மிகவும் அஞ்சுகின்றோம். மலையின் உள்ளே நீரின் வழி மாறிவிட்டது என்பதற்கு அது சான்று. கொழுந்து எடுக்கும் பெண்கள் நாள்தோறும் மலை முழுதும் நடப்பவர்கள். தேயிலை நிரைகளின் நடுவே நிலம் பிளந்திருப்பதை முதலிற் காண்பவர்கள் அவர்களே. ஆகவே வெடிப்பைக் கண்டால் எவரிடம் கூறவேண்டும் என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்து வைத்தல் ஒவ்வொரு தோட்டத்தின் கடமையாகும்.

வெடிப்பின் இருபுறமும் ஒவ்வொரு முளை அறைந்து, இடைத்தூரத்தை அளந்து, நாளும் எழுதி வைக்க. மழை பெய்துகொண்டிருக்கும்போது அளக்கப் போகவேண்டாம். தூரம் கூடினால் கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிருவாகத்துக்கும் உடனே அறிவிக்க. மண்சரிவு ஆராய்ச்சிக்குப் பொறுப்பான தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அலுவலர் வந்து பார்வையிடும்படி அவர்கள்வழி கேட்டல் வேண்டும்.

மழையை அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வாயும் அடியும் ஒரே அகலமாய், பக்கங்கள் நேராயுள்ள எந்தப் பாத்திரமும் போதும். கூரைத் தாழ்வாரத்துக்கும் மரத்துக்கும் தள்ளி, வெளியான இடத்தில் அதனை அசையாது வைக்க. காலை 6 மணிக்குச் சேர்ந்த நீரின் ஆழத்தை மில்லிமீற்றர் குறித்த அளவுகோலால் அளந்து, எழுதி, நீரைக் கொட்டிவிடுக. கடும் மழை பெய்யும் நாளில் மணிக்கொரு முறை அளக்க. இரவாயின் லயத்தில் ஒருவர் முறைவைத்து விழித்திருத்தல் வேண்டும். நீரைக் கொட்டிய பின்னரும் முந்திய அளவுகளைக் கூட்டிக்கொள்ள மறவாதீர்கள்.

24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் முதியோர், குழந்தைகள், கருவுற்ற தாய்மார், நோயாளர் ஆகியோரை முதலில் அனுப்பிவிட்டு, ஏனையோர் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலும், ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலும், எவருடைய கட்டளைக்கும் காத்திராமல் வெளியேறுக. இவை மேற்கூறிய நிறுவனம் வகுத்துள்ள வரம்புகள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என அது வெளியிடும் மூன்று நிலை அறிவித்தல்களும் இவற்றையொட்டியவையே. 150 மில்லிமீற்றர் சிறிய அளவென்று எண்ணவேண்டாம். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை 1 லீற்றர் நீராகும். அக்கணக்கின்படி ஓர் ஏக்கர் மலையின்மேல் ஒரு நாளில் ஏறத்தாழ 6 இலட்சம் லீற்றர், அதாவது 600 தொன் நீர் வந்து விழுகின்றது.

அறிகுறி தெரிந்தும், எச்சரிக்கை கிடைத்தும், மக்கள் நீங்காதிருந்த இடம் ஒன்று உண்டு. நமக்கு அடுத்த பதுளை மாவட்டத்தில், கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டம் அது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் அங்குள்ள லயங்கள் மண்ணுட் புதைந்தன. அவ்விடம் குடியிருப்புக்கு உகந்ததன்று என 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அம்மக்கள் அறியாமையால் இருந்தார்கள் என்று கூறுவோர் உளர், அக்கூற்று நேர்மையற்றது. போவதற்கு வேறு நிலமும் வேறு கூரையும் அவர்களுக்கு இல்லை. தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நெடுங்காலம் தங்கியிருந்து, 2016இலேயே புதிய வீடுகளைப் பெற்றனர். ஆகவே வெளியேறுவது எங்கே என்பதை வெயில் நாளிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பாடசாலையா, கோயில் மண்டபமா, வேறு தோட்டத்து உறவினர் வீடா? அங்குச் செல்லும் வழியில் கான்பாலமோ சரியக்கூடிய மண்மேடோ உண்டா? இரவில் அவ்வழியை ஒருமுறை நடந்து பாருங்கள்.

குடும்ப அட்டை, பிறப்புப் பதிவு, சம்பளப் பட்டியல், ஊழியர் சேமலாப நிதிப் பத்திரம் ஆகியவற்றை ஒரே உறையிலிட்டு, நீர் புகாதவாறு கட்டி வாசலருகே வைக்க. லயத்தின் அறைகள் பலவாயினும் கூரை ஒன்றே. எனவே இழப்பைப் பதியும்போது லயம் முழுவதும் ஒரே வீடாகக் கணக்கிடப்பட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு குடும்பத்தின் பெயரும் கிராம உத்தியோகத்தரின் பதிவில் தனித்தனியே உள்ளதா என்று நேரிற் சென்று பார்த்துக்கொள்க. சேற்றை வாரிக் கொட்டுவதற்கு முன்னர், சேதமுற்ற வீட்டையும் செடியையும் கைத்தொலைபேசியாற் படம் பிடித்து வைத்தலும் நன்று.

வீட்டைச் சூழ்ந்த நீர்

மழைநீரைப் பற்றிப் பேசுவோர் நாள்தோறும் ஒழுகும் நீரை மறந்துவிடுகின்றனர். லயத்தின் மேற்புறத்தே பீலிக்கு நீர் கொண்டுவரும் குழாய் ஓரிடத்தில் உடைந்து, இரவும் பகலும் மலையை நனைத்துக்கொண்டிருக்கும். எவரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. மழை வரும்போது அம்மண் ஏற்கெனவே நீர் குடித்து நிறைந்திருக்கும். உடைந்த குழாயைப் பொருத்துதல், இவ்வெளியீட்டிற் கூறப்படும் வேலைகள் எல்லாவற்றிலும் செலவு குறைந்ததாகும். மலசலகூடக் குழியை வெடிப்புக்கு மேற்புறத்தே தோண்டலாகாது. கூரைநீரும் சமையலறை நீரும் சுவரின் அடியிற் பாயாமல் கானுக்குச் செல்லும்படி செய்க.

சமையலறையை நீட்டுவதற்காகப் பின்புறத்து மண்மேட்டைச் செங்குத்தாக வெட்டும் வழக்கம் எங்கும் காணப்படுகின்றது. இடநெருக்கடியால் அவ்வாறு செய்கின்றார்கள் என்பதை நாம் அறிவோம். ஆயினும் மேட்டின் அடியை வெட்டுதல், அதனைத் தாங்கி நிற்கும் காலை வெட்டுவதற்கு ஒப்பாகும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்டுவதற்கு முன்னர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டைப் பெறுதல் வேண்டும். புதிய குடியிருப்புக்கென ஒதுக்கப்படும் நிலத்துக்கும் இது பொருந்தும். அந்த அறிக்கையைக் கேட்டு வாசித்துப் பார்ப்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

வெடிப்பை வெறுமனே விட்டுவைத்தால் அடுத்த மழைநீர் நேராக அடியாழத்துக்கு இறங்கும். மழை ஓய்ந்து, நிலம் அசைவற்றிருப்பது உறுதியான பின்னர், களிமண்ணை இட்டு இறுக அடித்து அதனை மூடுக. அதற்கு மேற்புறத்தே ஒரு கான் வெட்டி, மலையிலிருந்து வரும் நீரைச் சுற்றி அனுப்புக. மணலாலும் கல்லாலும் நிரப்புதல் பயனற்றது. நீர் அவற்றினூடே இறங்கிவிடும்.

கான்கள்

உறுதியான மலையில், அதாவது வெடிப்போ ஊற்று மாற்றமோ காணப்படாத மலையில், முதல் வேலை கான்களைத் துப்புரவு செய்வதே. செடியைப் பிறகு பார்க்கலாம். கானில் நிறைந்துள்ள மண் உங்கள் தேயிலையின் மேல்மண். அதனை ஓடையிலே தள்ளிவிடாமல், கானின் மேற்புறத்துச் செடிகளுக்கிடையே பரப்புக. கீழ்க்கரையிற் குவித்தால் அடுத்த மழையில் அது கீழேயுள்ள கானை மூடும்.

கான் 120 அடி நீளத்துக்கு 1 அடி தாழ்வாக இருத்தல் நன்று. அதனிலும் செங்குத்தாயின் நீர் கானையே அரிக்கும். மட்டமாயின் தேங்கி உடைக்கும். கண்ணால் மட்டம் பார்த்தலை நம்பவேண்டாம். சாய்வு நிலத்திற் கண் பெரிதும் ஏமாறும். மேசன்மார் பயன்படுத்தும் நீர்நிறைத்த மட்டக் குழாயைக் கொண்டு அளவு பிடிக்க. கான்கள் வந்து சேரும் பெருங்கானுக்குக் கல் பாவுக. கல் இல்லையாயின் புல்லையேனும் பதிக்க.

இவ்விடத்திலேதான் அயலார் உறவு வேண்டப்படுகின்றது. தோட்டத்தின் கான் சிறு உடைமையாளரின் நிலத்தில் முடிகின்றது. அவருடைய கான் தெருவில் முடிகின்றது. தெருவின் கான்பாலம் குப்பையால் அடைபட்டுக் கிடக்கின்றது. ஒருவர் தம் நிலத்துக்குள் எவ்வளவு செம்மையாய்க் கான் வெட்டினாலும், முடிவில் நீர் பிறருடைய முற்றத்திற் பாயுமாயின் அது திருத்தமன்று. மலையின் உச்சியிலிருந்து ஓடைவரை அந்நீரின் வழியை எல்லாரும் சேர்ந்து நடந்து பார்த்து, எங்கே உடைக்கின்றது என்று குறித்துக்கொண்டு, பின்னர் சிரமதானம் வைத்தல் வேண்டும். மேற்குச் சாய்விலுள்ள அட்டன், டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதியினர் தென்மேல் பருவமழைக்கு முன்னதாக ஏப்ரிலில் இதனை முடிக்க. கிழக்கு நோக்கிய வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பகுதியினர் செப்ரெம்பரில் தொடங்கி ஒக்டோபர் நடுவில் முடிக்க. எனினும் டித்வா போன்ற சூறாவளி மழை சாய்வு பார்த்துப் பெய்வதில்லையாதலின், நவம்பர் பிறக்குமுன் எல்லாப் பகுதியினரும் மற்றொருமுறை கான்களைப் பார்வையிடுதல் வேண்டும்.

காற்றின் வெப்பம் 1 பாகை கூடினால் அது ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு மிகுதியான நீராவியைத் தாங்கும். உலகம் வெப்பமடைந்து வருவதால் மழை பெய்யுங்கால் கொட்டித் தீர்ப்பதும், இடையில் வறட்சி நீள்வதும் இனி அடிக்கடி நேரக்கூடும். பழைய அளவுக்கு வெட்டிய கான் போதாதிருப்பதன் காரணம் இதுவே. மூடாத மண் மழையில் அரிபட்டு வெயிலில் உலர்கின்றது. ஒரே மூடுபயிர் இரு கேட்டையும் குறைக்கும்.

செடியும் மண்ணும்

சேறு மூடிய தேயிலைச் செடியின் அடித்தண்டைச் சுற்றியுள்ள மண்ணைக் கையால் அகற்றுக. மண்ணுள் நெடுநாள் புதைந்த தண்டு அழுகும். வேர் வெளியே தெரியும் செடிக்கு மண் அணைத்து, அதன்மேல் இலைதழை பரப்புக. வேர் காயமுற்ற செடிக்கு உடனே உரமிடுதல் வீண் செலவு. புதிய தளிர் விட்ட பின்னரே இடுக. கொழுந்து குறையுமென்ற கவலையால் உரத்தை அள்ளி இடுவோரை நாம் காண்கின்றோம். அவ்வுரம் செடிக்குச் சேராது ஓடைக்குப் போகின்றது.

கவ்வாத்துச் செய்தபின் குச்சிகளை மலையிலேயே நிரைகளுக்கிடையே பரப்பிவிடுதல் மண்ணுக்கு மிகவும் நல்லது. இதைக் கூறுவது எளிது. விறகுக்கு அக்குச்சியையே நம்பியுள்ள வீட்டில், அடுப்புக்கு வேறு வழி காட்டாமல் இவ்வறிவுரையைக் கூறுதல் பொருந்தாது. தடித்த கிளைகளை வீட்டுக்கும், இலையோடு கூடிய மெல்லிய குச்சிகளை மலைக்கும் என்று பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. எல்லைகளில் முள்முருக்கு, கிரவீலியா முதலியவற்றை நட்டால் சில ஆண்டுகளில் நிழலும் தழையும் விறகும் கிடைக்கும். களையை வேரோடு சுரண்டி நிலத்தை வெறுமையாக்கும் பழைய முறையைக் கைவிடுக. நாட்டின் மண்ணரிப்பை ஆராய்ந்த குழு 1931இல் அறிக்கை தந்தது. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் வெறுமையான மலையைச் சுத்தமான மலை என்று புகழும் பழக்கம் முற்றாக நீங்கவில்லை.

சாய்வு மிகுந்த இடங்களில், விதையிலிருந்து வளர்ந்த பழைய தேயிலையை விளைச்சல் குறைந்தது என்பதற்காகப் பிடுங்கவேண்டாம். அதற்கு ஆணிவேர் உண்டு. துண்டம் பதித்து வளர்த்த புதிய இனங்கள் கொழுந்து மிகத் தரினும் அவற்றுக்கு ஆணிவேர் இல்லை.

மரக்கறி பயிரிடுவோர்க்கு ஒரு சொல். லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குப் பாத்திகளை மேலிருந்து கீழாக அமைத்தால் நீர் விரைவில் வடியும் என்பது உண்மையே. ஒவ்வொரு பாத்தியின் இடைவெளியும் மழையில் ஓர் ஓடையாகும் என்பதும் உண்மை. பாத்திகளை மலைக்குக் குறுக்கே, கானுக்குக் கூறிய அதே சிறு தாழ்வுடன் அமைக்க. சேற்றில் இறங்குவோர் கால் காயங்களை மூடிக்கொள்க; எலிக்காய்ச்சல் வெள்ளத்துக்குப் பின் பரவும் நோய். அதற்குரிய தடுப்பு மருந்தைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திற் கேட்டுப் பெறலாம்.

சரிந்த நிலத்தில் மீண்டும் பயிரிடல்

மலை சரிந்த இடத்தில் மேலே தெரிவது அடிமண்; அதில் உயிர்ச்சத்துக் குறைவு. அங்கு உடனே தேயிலை நட்டால் கன்று மஞ்சளித்து நிற்கும். பணமும் உழைப்பும் போகும். இன்னும் அசைந்துகொண்டிருக்கும் நிலத்தில் எதனையும் நடவேண்டாம். அதனைக் காட்டுக்கு விட்டுவிடுக. அவ்விடத்துத் தேயிலையை இழந்ததாகக் கொள்ளுதல் கடினமே. ஆயினும் அதன் கீழே மீண்டும் ஆட்களை வேலைக்கு அனுப்புதல் அதனிலும் கடினமான கணக்காகும். 1873இல், 5,000 அடிக்கு மேற்பட்ட அரசுக் காடுகளை விற்கலாகாதென வகுத்த விதியால் எஞ்சிய சோலைகளே இன்று நமது ஆறுகளின் தலைப்பைக் காத்து நிற்கின்றன. காட்டுக்கு விட்ட நிலம் வீணான நிலமன்று.

அசைவு நின்றுவிட்டது என ஆய்வாளர் உறுதி கூறிய இடத்தில், முதலில் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ நடுக. 18 முதல் 24 மாதம் வரை அப்புல்லை வளர்த்து, அவ்வப்போது வெட்டி அதே நிலத்திற் பரப்புதல் வேண்டும். தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் மறுநடுகைக்கு முன்னர் நெடுங்காலமாகப் பரிந்துரைத்து வரும் முறை இது. மாட்டுக்குத் தீனியாக ஒரு பங்கு எடுத்தால் குற்றமில்லை. முழுவதும் எடுத்தால் மண்ணுக்கு ஒன்றும் மிஞ்சாது. இரண்டாம் ஆண்டின் முடிவில் மண்ணின் புளிப்பைச் சோதித்து, அளவு 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருப்பின் தேயிலையைச் சமமட்ட நிரைகளாக நடலாம்.

குவாத்தமாலாப் புல்லை மூன்று கணுவுள்ள தண்டுகளாக நறுக்கி, இரு கணுக்கள் மண்ணுள் இருக்கும்படி சாய்த்து, குறுக்கு வரிசையாக ஊன்றுக. மானாப்புல்லையும் வெட்டிவேரையும் தூர் பிரித்து நடவேண்டும். நிலம் ஈரமாயிருந்து, பெருமழை தொடங்காத நாட்களே நடுகைக்கு உகந்தவை. தண்டுகளைத் தூரத்திலிருந்து விலைக்கு வாங்க வேண்டியதில்லை; பக்கத்துத் தோட்டத்தின் மறுநடுகை மலைகளில் அவை வெட்டப்படும் காலத்தைக் கேட்டறிந்து பெற்றுக்கொள்ளலாம். பயிர் பற்றிய ஐயங்களை விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திலும், தேயிலை பற்றியவற்றைத் தேயிலைச் சிறுபற்றுநில அபிவிருத்தி அதிகாரசபையின் உங்கள் பகுதிப் பரிசோதகரிடமும் கேட்க. மலை அசைகின்றது என்ற ஐயம் ஏற்பட்டால், வீட்டை விட்டு நீங்கிய பின்னர் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைக்க.